அடைக்கலசாமி கமண்டல நதியில் படகு விட்ட படலம்

வாழ்க அடைக்கலசாமி! ஆரணிப் பட்டுச் சேலைகளின் கரையிலே அன்னங்களை அணிவகுத்து நீந்தவிட்ட விரல்களை உடையவரும், தறிக்கான ஜக்கார்டு அட்டையில் துளை குத்திக் குத்தியே நாற்பத்தாறு வயதுக்குள் நானூறு வடிவங்களைப் படைத்தவரும், ஆயினும் தாம் இடுப்பளவுத் தண்ணீரில்கூட ஒருநாளும் நீந்தி அறியாதவரும், பாக்கியமேரி என்னும் பெருங்குணத்தாளின் கணவரும் ஆகிய அந்த மாவீரரின் புகழைப் பாடப் புகுகிறோம். கமண்டல நாகநதியே! ஆண்டில் பத்து மாதம் மணலாய்க் கிடந்து மாடுகள் மேயவும் வண்டிகள் கடக்கவும் மடி விரித்துத் தந்தவளே! எழுபத்தொன்பதாம் ஆண்டின் மழையில் மட்டும் நதி என்னும் பெயருக்கு நியாயம் செய்தவளே! நடந்ததை நடந்தபடி சொல்ல எமக்கு நாவன்மை தா. அதையும் அன்று நீ தந்த தண்ணீரைப் போல் பாதி வழியில் வற்றவிடாமல் தா.

போர் என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும். மண்ணுக்காக மூண்ட போர்கள் உண்டு, பொன்னுக்காக மூண்டவை உண்டு. இந்தப் போர் ஒரு மாமனாருக்காக மூண்டது.

அவர் பெயர் சவரிராஜ். பெரணமல்லூரில் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஆகஸ்டு மாதம் அவருடைய மனைவி காலமானபோது, அடக்கம் முடிந்த ஈரம் காயுமுன்பே அவருடைய இரு மருமகன்களும் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நின்று, ஊர் கேட்க, மாமாவை இனி நான்தான் வைத்துக் காப்பாற்றுவேன் என்று ஒரே மூச்சில் முழங்கினார்கள். இளையவர் நம் அடைக்கலசாமி. மூத்தவர், மூத்த மகள் ரோசம்மாளின் கணவர், சென்னையில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாகக் கோலோச்சிய யோவான். ஒருவர் சொன்னதை மற்றவர் விட்டுக்கொடுக்காததால், கிழவர் செப்டம்பரில் சென்னை, அக்டோபரில் ஆரணி, நவம்பரில் மறுபடி சென்னை என்று பெட்டியும் கையுமாகப் போய் வந்துகொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் ஆரணியில் கூடி, ஒரேயடியாக முடிவு செய்துவிடுவது என்று ஏற்பாடு.

அடைக்கலசாமிக்கு இது மானப் பிரச்சினை. பாக்கியமேரிக்கு அதைவிடப் பெரிய ஒன்று. தாய் இறந்த அன்று அவள் வேலூரில் விடுதியில் படிக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்தாள். செய்தி கேட்டு ஏறிய பஸ் கண்ணமங்கலத்தில் பழுதாகி இரண்டு மணி நேரம் நின்றது. அவள் பெரணமல்லூர் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கண்ணை யாரோ மூடியிருந்தார்கள். அப்பாவையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றிலிருந்து அவள் கணவரிடம் சொன்னது மூன்று தடவைதான். ஆனால் மூன்று தடவையும் அவள் குரல் ஒரே மாதிரி இருந்தது. அதைக் கேட்ட மனிதர் ஆயுதம் எடுக்காமல் என்ன செய்வார்?

ஆயுதமோ எதிரியின் கையில் இருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன்னால், யோவான் குடும்பத்தார் அனைவரையும் சென்னைக்கு அழைத்து, அடையாற்றில் ஒரு படகை அமர்த்தி உலா கொண்டுபோனார். அந்த உலாவில், கரையை விட்ட ஐந்தாம் நிமிடத்தில், அன்னங்களைப் படைத்த நம் வீரர் பலகையை இரு கையாலும் இறுகப் பற்றிக் கண்ணை மூடிக்கொண்டார். பத்தாம் நிமிடத்தில் யோவானின் புது ஷூவின்மேல் வாந்தி எடுத்தார். அந்த வரலாறு அதன்பின் நடந்த இரண்டு கல்யாணங்களிலும் ஒரு ஞானஸ்நானத்திலும் யோவானின் திருவாயால் விரித்துரைக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் பகல் விருந்திலும் அது இலையில் விழுந்தது. கேட்டவர்கள் சிரித்து ஓய்ந்ததும் யோவான் தண்ணீர் குடித்துவிட்டு, இறுதி அம்பைத் தொடுத்தார்.

“மாமாவுக்கு மெட்ராஸ்ல சாயங்காலம் பீச்சு, ஞாயித்துக்கெழம படகு. ஆரணியில இன்னா கீது? தறிச் சத்தம்தான்.”

பாக்கியமேரி பரிமாறும் கரண்டியோடு நின்றாள். அடைக்கலசாமி எழுந்தார். எச்சில் கையை உயர்த்தி, இலைகளையும் எலும்புகளையும் சாட்சியாக வைத்து, வானோர் செவிப்படச் சபதம் உரைத்தார்.

“நாளன்னிக்குக் காலையில ஆரணியிலேருந்து படகு கெளம்புது. அண்ணே, குடும்பத்தோட வந்து ஏறுங்க.”

ஆரணியில் படகு இல்லை என்பது அவர் கை கழுவப் போனபோதுதான் நினைவுக்கு வந்தது. அன்று பிற்பகலே பஸ் ஏறினார். கண்ணமங்கலம் போகும் வழியில் ஓர் ஏரியில் மீன்பிடிக் குத்தகை எடுத்திருந்த வேடியப்பன் என்பவரைக் கண்டு, வேண்டி, ஒரு பட்டுத் துண்டைப் பரிசளிப்பதாக வாக்களித்து, அவருடைய தட்டையடி மரப்படகையும் அவரையும் கேட்டுப் பெற்றார். மறுநாள் அந்தப் படகு மாட்டுவண்டியின்மேல் குப்புறக் கவிழ்ந்த கோலத்தில் ஆரணிக்குள் நுழைந்தது. கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்கள். வண்டிக்கு முன்னால் அடைக்கலசாமி வலமும் இடமும் பாராமல் நடந்தார். யானைமேல் வந்த அரசர்களுக்குக்கூட அவ்வளவு விறைப்பான கழுத்து இருந்ததில்லை.

டிசம்பர் இருபத்தேழு, காலை ஒன்பதரை மணி. பிள்ளைகளைச் சினிமாவுக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் ஆற்றங்கரைக்கு எழுந்தருளினார்கள். திட்டம் எளியது. ஆற்றோடு மூன்று மைல் இறங்கி ஒரு மாந்தோப்பில் கரையேறிச் சாப்பிட்டு, வண்டியில் வீடு திரும்புவது. படகின் நடுவில் ஜமக்காளம் விரித்து, அதன்மேல் தம் வீட்டுப் பிரம்பு நாற்காலியைச் சிம்மாசனமாக நிறுத்தி, அதில் மாமனாரை அமர்த்தினார் நம் வீரர். வெள்ளை டெரிலின் பேண்ட்டும், மடிப்புக் கலையாத சட்டையும், கறுப்புக் கண்ணாடியும், பழைய களங்கம் துடைக்கப்பட்ட அதே ஷூவும் பூண்டு யோவான் ஏறினார். ரோசம்மாள் ஏறினாள். பாக்கியமேரி, ஐந்து படி அரிசியில் ஆட்டுக்கறிப் பிரியாணி நிறைந்த டேக்சாவை இருவர் தூக்கிவிட ஏற்றி, தானும் ஏறினாள். பின்னால் நன்னாரி சர்பத் நிறைந்த பால்கேன் ஏறியது. அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்த வேடியப்பன் தலையைச் சொறிந்தார்.

“சார், தண்ணி வடிஞ்சிகினு கீது. நாலு பேருன்னா போவலாம். என்னையும் சேத்து ஆறு பேரு, ஒரு நாற்காலி, ஒரு டேக்சா.”

அடைக்கலசாமி அதைக் கேளாதவராய்க் கீழ்த்திசை நோக்கிக் கை நீட்டினார். படகு புறப்பட்டது.

ஆகா, அந்த இருபது நிமிடங்கள்! இருபது நிமிடமும் அவர் பேரரசர். கரையில் மூங்கில்களில் காயப் போட்ட சாயப் பட்டு நூல்கள் சிவப்பும் மஞ்சளுமாய்க் கொடிகள் போல் அசைந்து வழிவிட்டன. கொக்குகள் ஒற்றைக் காலில் நின்று மரியாதை செய்தன. வேடியப்பன் கழியை ஊன்ற ஊன்ற, படகு பட்டின்மேல் இஸ்திரிப் பெட்டி போல வழுக்கிச் சென்றது. மாமனார் குனிந்து தண்ணீரில் விரலைவிட்டு, அது இரண்டாய்ப் பிரிவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். பாக்கியமேரி ஆற்றைப் பார்க்கவில்லை, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நம் வீரர் பலகையைப் பிடிக்காமல், கைகளை மார்பில் கட்டி அமர்ந்திருந்தார். உள்ளே வயிறு ஒரு தடவை புரண்டது. அதை அவர் மன உறுதியால் அடக்கினார். யோவானின் வாயிலிருந்து அடையாறு என்ற சொல் இருபது நிமிடமாக வரவில்லை.

இருபத்தோராம் நிமிடத்தில் படகின் வயிற்றுக்கடியில் கரகரவென்று ஓர் ஓசை எழுந்து, உடனே அடங்கியது. கொக்குகள் நகரவில்லை. கரை நகரவில்லை. படகும் நகரவில்லை.

வேடியப்பன் தண்ணீரில் குதித்தார். தண்ணீர் அவர் முழங்காலைத் தொடவில்லை. முன்னால் போய் இழுத்தார், பின்னால் வந்து தள்ளினார். பிறகு நிமிர்ந்து நின்று, இரண்டு ஆம்பளைகள் இறங்கினால் போதும், படகு தானாக மிதக்கும் என்று பணிவாகச் சொன்னார்.

இறங்குவதா! அந்தச் சொல் இடியென விழுந்தது. அடைக்கலசாமி இறங்கினால், ஆரணியின் ஆறு முழங்காலுக்கும் எட்டாதது என்று அவரே சாட்சி சொன்னது ஆகும். மாமனார் சென்னைக்குப் போவார், பாக்கியமேரி நான்காம் தடவை ஒன்றும் சொல்லமாட்டாள். யோவான் இறங்கினால், சென்னைப் பட்டணத்தார் ஆரணிச் சேற்றில் டெரிலின் பேண்ட்டோடு படகு தள்ளிய கதை இனி வரும் கல்யாணங்களில் எல்லாம் பந்திக்கு வரும். இரண்டு மலைகள் எதிரெதிரே அமர்ந்திருப்பது போல இருவரும் அமர்ந்திருந்தார்கள். யோவான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அடையாற்றில் யாரும் இறங்கித் தள்ளியதாக நினைவில்லை என்று ஆகாயத்திடம் தெரிவித்தார். நம் வீரர் முகத்தில் ஒரு தசை ஆடவில்லை.

“படகு தானா நிக்கல. நான்தான் நிறுத்தச் சொன்னேன். சாப்பாட்டு நேரமாச்சி” என்று அறிவித்தார்.

அப்போது மணி பத்தே பத்து.

எனினும் டேக்சா திறக்கப்பட்டது. நடு ஆற்றில், அசையாத படகில், காலைப் பலகாரம் செரிக்காத வயிறுகளின்மேல் பிரியாணி இறங்கியது. இங்கேதான் நம் வீரர் தம் போர்த்தந்திரத்தை வெளிப்படுத்தினார். விருந்தினரை உபசரிப்பது வீட்டுக்காரர் கடமை அல்லவா? யோவானின் டம்ளரில் நன்னாரி சர்பத்தை ஊற்றினார். காலியாகுமுன் மறுபடி ஊற்றினார். ஒரு மனிதன் எத்தனை டம்ளர் சர்பத்தோடு படகில் உட்கார்ந்திருக்க முடியும்? என்றேனும் இறங்கித்தானே ஆக வேண்டும்! இந்தச் சூழ்ச்சியை மூன்றாம் டம்ளரில் உணர்ந்துகொண்ட யோவான், சகலை குடிக்காமல் தான்மட்டும் குடிப்பது முறையல்ல என்று கேனைப் பிடுங்கி அவருக்கும் ஊற்றினார். அவர் ஊற்ற இவர் குடிக்க, இவர் ஊற்ற அவர் குடிக்க, உபசாரமே ஆயுதமாய், புன்னகையே கேடயமாய், கேன் காலியாகும்வரை அந்தக் கொடும்போர் நடந்தது. சாப்பிட்டு முடித்தபோது படகு மணலில் இன்னும் ஒரு விரல்கடை ஆழமாய்ப் பதிந்திருந்தது.

பதினொன்றரை மணிக்கு, பட்டு நூல் மூட்டையைப் பின்னால் கட்டிய சைக்கிளை உருட்டிக்கொண்டு தறிக்காரர் வேணுகோபால் ஆற்றைக் குறுக்கே கடந்தார். தண்ணீர் சைக்கிளின் பெடலைக்கூடத் தொடவில்லை. தமக்கு அட்டை குத்தித் தருபவர் குடும்ப சமேதராய் நடு ஆற்றில் கொலுவிருப்பதைக் கண்டு, மரியாதைக்குச் சைக்கிளை நிறுத்தினார். படகு ரிப்பேரா என்று விசாரித்தார்.

“இல்ல வேணுகோபால். குடும்பத்தோட காத்து வாங்கிகினு கீறோம்” என்றார் அடைக்கலசாமி.

வேணுகோபால் ஐந்து பேரையும், படகையும், தம் முழங்காலையும் ஒரு முறை பார்த்தார். நல்லா வாங்குங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன அரைமணிக்குள் கரையில் மூன்று பேர் வந்து நின்றார்கள். பிறகு எட்டுப் பேர். பன்னிரண்டரைக்கு முப்பது பேர் ஆனதும், ஒருவர் வேர்க்கடலைக் கூடையோடு வந்து வியாபாரத்தைத் தொடங்கினார்.

பன்னிரண்டே முக்காலுக்குப் போர் புதிய களத்துக்கு மாறியது. வெளியே வற்றிக்கொண்டிருந்த நதி இரு வீரர்களுக்கு உள்ளே பெருகத் தொடங்கியிருந்தது. நன்னாரி தன் வேலையைத் தொடங்கிற்று. யோவான் வலக்காலை இடக்காலின்மேல் போட்டார், பிறகு மாற்றிப் போட்டார், பிறகு இரண்டையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டார். நெற்றியில் முத்துமுத்தாய் வேர்த்தது. நம் வீரர் கண்ணை மூடி, ஒரு பெரிய பார்டரின் அட்டைத் துளைகளை ஒவ்வொன்றாக மனத்துக்குள் குத்தினார். நூற்று நாற்பதாவது துளையில் அவருக்கு ஓட்டைக் குடம் ஞாபகம் வந்தது. அதை விட்டுவிட்டார். மதிலைக் காக்கும் வீரர்களுக்கு வெளியே எதிரி நிற்பான். இவர்களுக்கோ எதிரி மதிலுக்கு உள்ளேயே எழுந்து, மணிக்கணக்கில் முட்டிக்கொண்டிருந்தான். எனினும் ஒருவரும் இறங்கவில்லை.

தாங்கமுடியாத நிலையில், கவனத்தைத் திருப்பும் பொருட்டு யோவான் தொண்டையைச் செருமி, நான்கு மாத வழக்கை நடு ஆற்றிலேயே தீர்த்துவிட முனைந்தார்.

“மாமா, நீங்களே சொல்லிடுங்க. மெட்ராஸா, ஆரணியா?”

கரையில் கடலை மெல்லும் சத்தம் நின்றது. ரோசம்மாள் தலை குனிந்துகொண்டாள். பாக்கியமேரியின் கை டேக்சாவின் விளிம்பைப் பற்றியது. சவரிராஜ் நாற்காலியை விட்டு எழுந்தார். தீர்ப்புக் கூற எழும் நீதிபதி போல் மெல்ல எழுந்தார். பிறகு குனிந்து, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். வேட்டியை முழங்காலுக்குமேல் தூக்கிக் கட்டினார். ஒரு காலைப் படகுக்கு வெளியே வைத்தார்.

“எங்கப்பா போறீங்க?” என்றாள் பாக்கியமேரி.

“ஒண்ணுக்கு” என்றார் கிழவர்.

மணல்திட்டைத் தாண்டி ஒரு புதர்மறைவுக்குப் போனார். இரு வீரர்களும் அவர் போன திசையை, சொர்க்கவாசலைப் பார்ப்பது போல் ஏக்கத்தோடு பார்த்தார்கள். திரும்பி வந்தவர் படகில் ஏறவில்லை. முழங்காலுக்கும் எட்டாத தண்ணீரில் நின்று, படகின் பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். நான்கு மாதமாகப் பேசாததை நிதானமாகப் பேசினார்.

“நாலு மாசமா என்ன பார்சல் மாதிரி அனுப்பிகினு கீறீங்க. பார்சல்லயாவது அட்ரஸ் எழுதுவாங்க. எனக்கு இன்னா வேணும்னு ரெண்டு மாப்ளயும் ஒரு வார்த்த கேட்டீங்களா? பெரணமல்லூர்ல எனக்கு வீடு கீது. அப்பாண்டைநாதன் தெனம் காலையில பேப்பர் படிக்க வந்து, கதவு பூட்டியிருக்கறதப் பாத்துட்டுத் திரும்பிப் போறாராம். முப்பது வருசமா அவரோட சண்ட போட்டுத்தான் எனக்குக் காபி எறங்கும். நான் வீட்டுக்குப் போறேன்.”

அப்பாண்டைநாதன் என்பவர் பெரணமல்லூரில் அடுத்த தெருவில் இருந்த சமண நயினார். மழைக்குக் காரணம் முதல் மந்திரிசபை வரை எதிலும் கிழவரோடு ஒத்துப்போகாதவர்.

பாக்கியமேரி டேக்சாவை விட்டு அப்பாவின் பக்கம் திரும்பினாள். அம்மாவுக்குத்தான் நேரத்துக்கு வந்து சேரவில்லை, உங்களுக்காவது, என்று தொடங்கி முடிக்காமல் விட்டாள்.

“பஸ்ஸு நின்னதுக்கு நீ இன்னாம்மா பண்ணுவ” என்றார் சவரிராஜ். “உங்கம்மா கடைசியாக்கூட, பாக்கியம் வந்துகினு கீறா, அவளுக்குச் சோறு எடுத்து வைங்கன்னுதான் சொன்னா. கோவமா சொல்லல. நீ அத நெனச்சிகினு என்ன இங்க கட்டிப் போடாத. வாரம் ஒருக்கா வா.”

அதை அவர் இதற்குமுன் யாரிடமும் சொன்னதில்லை. பாக்கியமேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, எந்தச் சபதமும் எந்த மானமும் இல்லாமல், தண்ணீரில் இறங்கினாள். அவளைப் பார்த்து ரோசம்மாளும் இறங்கினாள். அக்காவும் தங்கையும் டேக்சாவை இரு பக்கமும் பிடித்துக்கொண்டு கரையை நோக்கி நடந்தார்கள். வேடியப்பன் கழியை மணலில் ஊன்றிவிட்டு, பிரம்பு நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு, கிழவரின் கையைப் பிடித்து நடத்திச் சென்றார்.

அந்தக் கணத்தில், ஒரு கிழவரும் இரு பெண்களும் ஒரு நாற்காலியும் மிச்சப் பிரியாணியும் இறங்கிய கணத்தில், படகு மெல்ல ஒருமுறை அசைந்து, மணலை விட்டு எழுந்து மிதந்தது.

வெற்றி! இருவரும் இறங்கவில்லை, படகு நகர்ந்துவிட்டது! ஆனால் கழியோ பின்னால் மணலில் நட்டுக்கொண்டு நின்றது. படகோட்டியோ கரையில் நின்றார். போர்க்காரணமான மாமனாரோ போரை விட்டே போய்விட்டார். எதற்காகச் சண்டை போட்டார்களோ அது இல்லாத படகில், இரு சகலைகளும் பம்பரம் போல் மெல்லச் சுழன்றபடி கீழ்த்திசை நோக்கிப் போனார்கள். கரையில் இருந்த முப்பது பேரும் கூடவே நடந்தார்கள். கடலைக்காரரும் நடந்தார்.

இனி மானத்துக்கு வேலை இல்லை என்பதை இரு வீரர்களின் சிறுநீர்ப்பைகளும் ஒரே நேரத்தில் தீர்மானித்தன. ஒரு சொல் பேசிக்கொள்ளாமல் இருவரும் எழுந்தார்கள். முதுகோடு முதுகு ஒட்டி, ஒருவர் வடதிசையும் மற்றவர் தென்திசையும் நோக்கி நின்றார்கள். நான்கு மாதங்களில் அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றது அதுவே முதல் தடவை. படகுக்கு அந்த ஒற்றுமை பழக்கமில்லை. வலப்புறம் ஒருமுறை சாய்ந்து, இடப்புறம் ஒருமுறை சாய்ந்து, காரியம் முடியும் தறுவாயில் கவிழ்ந்தது.

அன்னங்களை நீந்தவிட்டவர் தண்ணீருக்குள் போனார். தமக்கு நீச்சல் தெரியாது என்று மூன்று ஊர் கேட்கக் கத்தினார். அவர் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டு, தமக்கும் தெரியாது என்று அதைவிடப் பெரிதாக யோவான் கத்தினார். சென்னையில் கப்பல் கம்பெனிக் கோப்புகளில் இருபது வருடம் நீந்தியவர், தண்ணீரில் ஒருநாளும் நீந்தியதில்லை. இருவரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் மூழ்கடித்துக்கொண்டார்கள். கரையிலிருந்து வேடியப்பன் எழுந்து நிற்கும்படி சொன்னார். மறுபடியும் சொன்னார். எழுந்து நின்றார்கள். தண்ணீர் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

கறுப்புக் கண்ணாடி போயிருந்தது. ஷூ ஒன்றும் போயிருந்தது. யோவான் தம் டெரிலின் பேண்ட்டைப் பார்த்தார், சகலையைப் பார்த்தார். அடையாற்றிலும் அன்று நான் பலகையை விடவில்லை, நீங்கள் கண்ணை மூடியிருந்ததால் பார்க்கவில்லை என்று மெல்லிய குரலில் ஒப்புக்கொண்டார். அடைக்கலசாமிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க இருமல் வந்தது. யோவான் அவர் முதுகைத் தட்டினார். பிறகு இருவரும் கவிழ்ந்த படகின் இரு ஓரங்களைப் பிடித்து, முப்பது பேர் ஆலோசனை சொல்ல, அதைக் கரைவரை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பாக்கியமேரி இருவருக்கும் ஒரே துண்டைக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பெரணமல்லூர் பஸ்ஸில் கூட்டம் இல்லை, மாமனாருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது.